மேல் பெட்டியின் மஞ்சள் விளக்கு

ஜூன் 9, செவ்வாய்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம்தான் வரும், இருந்தாலும் கேட்கிறேன். மூன்று நாளாக நீ போனை எடுக்கவில்லை. இனி எடுத்தும் பயனில்லை. நேற்று ஒழுங்குக் குழுக்காரர்கள் வந்து என் போனையும் மைதானத்து வாக்கி டாக்கிகளையும் பையில் போட்டு சீல் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் பள்ளிக்கூடம் விட்டபிறகு முதல் தடவையாகக் கையால் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

சொல்லாமல் கொள்ளாமல் நீ தோழி வீட்டுக்குப் போய்விட்டதில் உன் அண்ணிக்கு மனசே சரியில்லை. "நீங்க அவளை என்ன சொன்னீங்க?" என்று என்னைத்தான் குடைகிறாள். உன் அறையைக் கூட்டிப் பெருக்கி ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை ரக்பி அரையிறுதியில் நம்மிடம் இரண்டு புள்ளியில் தோற்றவர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். நம் ஒன்பதாம் நம்பர் ஆட்டக்காரி கட்டெறும்பு கீழே விழுகிற போதெல்லாம் மேலே என் பயிற்சியாளர் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிகிறதாம். உடனே பிசியோ, அதாவது நீ, உள்ளே ஓடுகிறாயாம். நீ வெளியே வந்ததும் நம் ஆட்டத்தின் போக்கே மாறிவிடுகிறதாம். மூன்று ஆட்டத்தில் ஐந்து தடவை என்று எண்ணி எழுதியிருக்கிறார்கள். வேலையற்றவர்கள்.

விதி உனக்குத் தெரியாததா. ஆட்டம் நடக்கும்போது பயிற்சியாளன் மேலே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். பேச வேண்டுமானால் இடைவேளை வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் கொண்டுபோக இரண்டு பேர், அவர்களும் பாதிக்கு இரண்டு தடவை, நடுவர் தலையாட்டினால்தான். தலைமைப் பயிற்சியாளன் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. நினைத்த நேரம் உள்ளே ஓடக்கூடியது மருத்துவ ஆள் ஒருத்திதான், அவளும் காயத்தைத் தவிர வேறெதையும் பேசக்கூடாது. வருஷம் பூராவும் தொண்டை கிழியக் கத்தி வளர்த்த பிள்ளைகளை அந்த எண்பது நிமிடம் மட்டும் ஊமைப் படம்போலப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். இதை எழுதியவன் ஒருநாளாவது அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருப்பானா?

இருபத்து மூன்றாம் தேதி விசாரணை. விளக்கு எதற்கென்று கேட்டால், மாற்று ஆட்டக்காரர் தயாராவதற்கான அடையாளம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். காயப் படிவத்தில் நீ எழுதியிருப்பதையே வாயாலும் சொல். "61ஆம் நிமிடம், வலது முழங்கால், லேசான வலி. தலை: இயல்பு. 72ஆம் நிமிடம், தலையில் அடி, வெளியேற்றம்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

கட்டெறும்பை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு அடிதான், மூன்று வாரம் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்கிறார். இருபத்து ஏழாம் தேதி இறுதி ஆட்டம். கணக்கு சரியாக வருகிறது.

உன் ஸ்வெட்டரை அண்ணி இத்துடன் அனுப்புகிறாள். போட்டுக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 11, வியாழன்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்வெட்டர் கிடைத்தது. அண்ணியிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல். பொய்தான், இருந்தாலும் சொல்.

நான் போனை எடுக்காததற்குக் காரணம், எடுத்தால் நீ பேசிப் பேசியே என்னை வழிக்குக் கொண்டுவந்துவிடுவாய். போன வருஷம் அப்படித்தானே ஆயிற்று. "சும்மா ஒரு வார்த்தைதானே, ஓடுற ஓட்டத்துல கட்டெறும்பு காதுல போட்டுட்டு வா" என்றாய். முடியாது என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் போட்டுவிட்டு வந்தேன். அப்புறம் வாக்கி டாக்கியில் பேசினால் பதிவாகிறது என்று விளக்கைக் கொண்டுவந்தாய். மஞ்சள் எரிந்தால் கட்டெறும்பு முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழ வேண்டும். நான் உன்னைப் பார்க்க வேண்டும், நீ கையால் காட்டுவதைப் புரிந்துகொண்டு ஓட வேண்டும். பிள்ளைகள் எல்லாம் அவள் நடிப்புக்குப் பரிசே கொடுக்கலாம் என்று கிண்டல் செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

சனிக்கிழமை அறுபத்தோராவது நிமிடம் என்ன நடந்தது என்று உனக்கு எழுதுகிறேன். வேறு யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. ஏழெட்டுப் பேர் குவியலாகக் கிடந்தார்கள். குவியல் கலைந்தபோது அவள் தரையில் கிடந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை அண்ணா, உன் பெட்டியைத்தான் பார்த்தேன். மஞ்சள் எரிந்தது. சரி, நடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போய் முழங்காலில் ஸ்பிரே அடித்தேன். "வலது பக்கம் காலி, உயரமா உதைச்சு அனுப்பு" என்று காதில் சொன்னேன். "சரிக்கா" என்றாள். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திவிட்டு வந்தேன். இன்று கொஞ்சம் கூடுதலாகவே நடிக்கிறாள் என்றுகூடத் தோன்றியது. கண்ணைப் பார்க்கவில்லை. எந்த ஊர், எந்தப் பாதி, கடைசியில் யார் புள்ளி எடுத்தது என்று கேட்க வேண்டிய எதையும் கேட்கவில்லை. வெளியே வந்து உட்கார்ந்து "தலை: இயல்பு" என்று எழுதினேன்.

அவள் உதைத்தாள், நாம் ஜெயித்தோம். பதினொரு நிமிடம் கழித்துச் சாதாரணமாக ஒருத்தி இழுத்துத் தள்ளியதில் வலது பக்கமாக விழுந்தாள், எழுந்திருக்கவில்லை.

நேற்று அவளுக்குத் தலை வாரிவிட்டேன். இடது காதுக்குப் பின்னால் முட்டை அளவுக்குக் கன்றிப்போயிருக்கிறது. வலது பக்கம் விழுந்தவளுக்கு இடது பக்கம் எப்படி அடிபடும்? அந்தக் குவியலில் யாருடைய முழங்காலோ பட்டிருக்கிறது. அவள் நடிக்கவில்லை. அடிபட்டுக் கிடந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஆட அனுப்பியது நான்.

அவளுக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. "அக்கா, நான் அன்னிக்கு நல்லா நடிச்சேனாமே, சார் சொன்னாரு. ஏமாத்தினதுக்குத்தான் அப்புறம் நெசமாவே அடி விழுந்துடுச்சு போல" என்கிறாள். அவள் அம்மாவிடமும் யாரையும் குறை சொல்லாதே, தப்பு என் மேல்தான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அண்ணா, அவளிடம் ஏன் அப்படிச் சொன்னாய்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ மேலேயிருந்து பார்க்கிறவன். உன் முன்னால் இரண்டு திரை. டிவி கேமரா பந்தோடு போய்விட்டது, உன் கேமரா போகாது. விளக்கைப் போட்டபோது அவள் தலையில் பட்டதை நீ பார்த்தாயா, இல்லையா?

தங்கை


ஜூன் 14, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ தூங்கவில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. தூங்காத மனசு எதையும் பூதமாக்கும்.

கன்றிப்போனது எப்போது பட்டது என்று யாரால் சொல்ல முடியும்? ரக்பி ஆடுகிற பிள்ளை. பயிற்சியில் பட்டிருக்கலாம், ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பட்டிருக்கலாம். நீ பிசியோ, டாக்டர் இல்லை. டாக்டர் ஒரு அடி என்கிறார். இருபத்து ஐந்தாம் தேதி பரிசோதித்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டெறும்பும் ஆடியே தீர வேண்டும் என்று நிற்கிறாள். அவள் ஆசையில் நீ ஏன் மண்ணைப் போடுகிறாய்?

இன்னொன்றையும் யோசி. உன்னை மிரட்டுகிறேன் என்று நினைக்காதே, அண்ணனாகச் சொல்கிறேன். அந்தப் படிவத்தில் இருப்பது உன் கையெழுத்து, என்னுடையது இல்லை. பார்க்காமலே இயல்பு என்று எழுதினேன் என்று வாயைத் திறந்தால் முதலில் போவது உன் உரிமம். எட்டு வருஷப் படிப்பும் வேலையும் ஒரே நாளில் குப்பைக்குப் போய்விடும். அப்புறம் என்னைத் தேடி வருவார்கள். நான் போனால் இந்த முப்பத்தோரு பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? ஆண்கள் அணிக்கு மைதானம் வேண்டும் என்று இவர்களைப் பார்க்கிங் இடத்தில் பயிற்சி செய்யச் சொன்னார்களே, அப்போது கதவைத் தட்டி உடைத்து உள்ளே விட்டது எந்த விதி?

நான் அவளிடம் சொன்னது அவள் கவலைப்படக்கூடாது என்பதற்காகத்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற பிள்ளையிடம் வேறென்ன சொல்வார்கள்?

வீட்டுக்கு வா. சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம். நீ இல்லாமல் சாப்பாட்டு மேஜையில் உன் அண்ணியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், சகிக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 17, புதன்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதை மட்டும் விட்டுவிட்டாய்.

நேற்று டாக்டரைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, என் பங்கை மட்டும் சொன்னேன். அறுபத்தோராவது நிமிடமே தலையில் பட்டிருக்கிறது, நான் பரிசோதிக்கவில்லை, பொய்யாக எழுதினேன் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை. கட்டெறும்பின் அறைக்குப் போய்க் காதுக்குப் பின்னால் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "ஒரு அடின்னு நெனச்சு இன்னும் பத்து நாள்ல எறக்கி விட்டிருப்பேன். மூணாவதா ஒண்ணு பட்டிருந்தா இந்தப் பொண்ணு எழுந்து நடக்குறது கஷ்டம்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறுதி ஆட்டம் இல்லை. இந்த வருஷமே இல்லை. அதற்கப்புறமும் அநேகமாக இல்லை என்றுதான் சொல்கிறார். படிவத்தில் பழையதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். நகல் குழுவுக்குப் போகும்.

கட்டெறும்பை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்று திரையைப் போட்டுக்கொண்டு இருட்டில் படுத்திருக்கிறாள். நீ நடிக்கவில்லை, உனக்கு நிஜமாகவே அடிபட்டது என்று சொன்னேன். நம்பவில்லை. "நீங்க என்னைத் தேத்துறீங்கக்கா. சார் மேலேருந்து எல்லாத்தையும் பாக்குறவரு, அவருக்குத் தெரியாதா" என்கிறாள். எத்தனை தடவை சொன்னாலும் அதே பதில். நான் சொன்னால் ஆறுதல், நீ சொன்னால்தான் உண்மை அவளுக்கு.

விசாரணையில் என் தப்பைச் சொல்வேன். விளக்கைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. என்னைக் கேட்டால் பயிற்சியாளரைக் கேளுங்கள் என்பேன். உன்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. நீயாக எழுந்து சொல்வாய் என்று இன்னமும் நம்புகிறேன். சின்ன வயசில் நான் உடைத்த ஜன்னலுக்கு நான் உடைத்தேன் என்று நீ போய் நின்றவன்தானே.

தங்கை


ஜூன் 24, புதன்

என் அருமைத் தங்கைக்கு,

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று அந்த அறையில் நீ நிமிர்ந்து உட்கார்ந்து அத்தனையையும் உன் தலையில் போட்டுக்கொண்டதை நான் மறக்க மாட்டேன். விளக்கு எதற்கு என்று குழுவின் அந்தக் கண்ணாடிக்காரர் கேட்டபோது என் உயிர் என்னிடம் இல்லை. "பயிற்சியாளரைக் கேளுங்கள்" என்று சொல்லி நிறுத்தினாயே, அங்கேதான் நீ என் தங்கை. மாற்று ஆட்டக்காரருக்கான அடையாளம் என்று நானும் சமாளித்துவிட்டேன். வேறேதாவது சொல்ல வேண்டுமா என்று கடைசியில் கேட்டார், இல்லை என்றேன். எனக்கு எச்சரிக்கையோடு முடிந்தது.

உனக்கு இரண்டு வருஷத் தடை என்று வாசித்தது கொடுமைதான். ஆனால் மனசைத் தளரவிடாதே. ஒரு வருஷம் போகட்டும், மேல்முறையீடு செய்வோம், நானே நல்ல வக்கீலாகப் பார்க்கிறேன். அதுவரை அணியின் அலுவலக வேலையைப் பார்த்துக்கொள், யாரும் கேட்க மாட்டார்கள்.

உன் இடத்துக்குப் புதுசாக ஒரு பிசியோவை எடுத்திருக்கிறோம். சின்னப் பெண், கெட்டிக்காரி. பிள்ளைகள் அவளுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கட்டெறும்பின் இடத்தில் மாற்று ஆட்டக்காரி, நம் இரண்டாவது ஒன்பது, ஆடுவாள். கால் மெதுவு, சமாளிக்க வேண்டியதுதான்.

சனிக்கிழமை நீயும் வந்து பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். அண்ணி பக்கத்து நாற்காலியைப் பிடித்து வைக்கிறேன் என்கிறாள்.

நன்றி மறவாத,
அண்ணன்


ஜூன் 27, சனி

நான் உன்னைக் காப்பாற்றவில்லை. முதலில் அதைப் புரிந்துகொள்.

நீ பேசுவாய் என்று வழிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேறேதாவது சொல்ல வேண்டுமா என்று அவர் கேட்டபோது உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய். மூடினாய், திறந்தாய், மறுபடி மூடினாய். அப்புறம் இல்லை என்றாய். அதற்கு எனக்கு நன்றி வேறு எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தடை எனக்குச் சரிதான். ஒரு பிள்ளையின் கண்ணைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்தவளுக்கு இரண்டு வருஷம் அதிகமில்லை. மேல்முறையீடும் வேண்டாம், அலுவலக வேலையும் வேண்டாம். உன் பரிவு எதுவும் வேண்டாம்.

இதைக் கட்டெறும்பு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது அங்கே ஆட்டம் தொடங்கியிருக்கும். பக்கத்து வீட்டில் டிவி சத்தமாக ஓடுகிறது. அவள் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். காலையில் அவள் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, தன் பெண் ஏமாற்றுக்காரியா என்று கேட்டார். இல்லை என்றேன். அவளே அப்படிச் சொல்கிறாளே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இதை நீ படிக்கும்போது எப்படி இருக்கிறது உனக்கு?

நீ பார்த்தாயா இல்லையா என்பதை இனி எனக்கு எழுதாதே. எனக்கு வேண்டியதில்லை. அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல். அந்த வீட்டு வாசற்படியை மிதிக்காமல் எனக்கு ஒரு வரிகூட எழுதாதே.


ஜூலை 3, வெள்ளி

தங்கைக்கு,

வாசற்படியை மிதித்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

இறுதி ஆட்டத்தில் ஜெயித்தோம். உனக்கு அது முக்கியமில்லை, எனக்கும் அன்று முக்கியமில்லாமல் போனதைச் சொல்கிறேன். அந்த ஆட்டத்தில் விளக்கைத் தொடவே கூடாது என்று முடிவு செய்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பாதியில் நம் இரண்டாவது ஒன்பது நிஜமாகவே விழுந்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். புதுப் பிசியோ கோட்டுக்கு வெளியே எழுந்து நின்றாள். நின்றவள் கீழே கிடக்கிற பிள்ளையைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி மேலே என் பெட்டியைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. ஓடுவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை வினாடி என்று தெரியவில்லை. நான் கண்ணாடியைத் தட்டி "போ, போ" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்காது. கடைசியில் நடுவர் கை காட்டித்தான் ஓடினாள்.

உன்னையும் இப்படித்தானே நிற்க வைத்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. கோப்பை வாங்கக் கீழே இறங்கவே கால் வரவில்லை. அதன் பிறகும் ஆறு நாள் தள்ளிப்போட்டேன். கட்டெறும்பின் தெருமுனை வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். என் கோழைத்தனத்தை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

இன்று காலை குழுவின் செயலாளரிடம் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். விளக்கு எதற்கு என்பதையும், படிவத்தில் நீ எழுதிய பொய்க்கு நான் பழக்கிய பழக்கமே காரணம் என்பதையும் எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு, "இதுக்கப்புறம் நீங்க எந்த அணிக்கும் போக முடியாது, தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அறை இருட்டாக இருந்தது. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. கடைசியில் நேராகச் சொன்னேன். "நான் பார்த்தேம்மா. குவியல்ல உன் காதுக்குப் பின்னால முழங்கால் பட்டதைத் திரையில பார்த்தேன். அப்ப என் கை சுவிட்சு மேல இருந்துச்சு. எப்படியும் அக்கா உள்ள ஓடப்போறா, போறவ சேதியையும் கொண்டுபோகட்டும்னு அழுத்திட்டேன். முதல்ல உன் தலையைப் பாப்பான்னு நெனச்சேன். அவ பாக்கல, அதையும் பார்த்தேன். பார்த்துட்டும் சும்மா இருந்தேன்."

திட்டுவாள், கத்துவாள், வெளியே போகச் சொல்வாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் அந்த இருட்டில், சின்னக் குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் நடிக்கலையா சார்?"

இல்லம்மா, நீ நடிக்கல என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அம்மா வந்து அவளைக் கட்டிக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு இருபத்தேழு நாள் ஆகியிருக்கிறது.

அண்ணன்